குறை படிக்கும் வேளை

முட்டை இல்லாமல் கேக் செய்வது பெரிய வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. கோதுமையும் கூடாது என்றால்தான் சிரமம் தொடங்கும். அரிசி மாவு அடுப்புக்குள் நன்றாக எழும்பி வரும். வெளியே எடுத்து வைத்த கொஞ்ச நேரத்தில் நடுவில் குழி விழுந்துவிடும். என்னோடு கடை நடத்திய ஹிசானோ செய்தால் மட்டும் விழாது. எப்படி என்று கேட்டால், "நான் பார்த்துக்கிட்டே இருப்பேன் குனிகோ சான். அதுக்கு விழ வெக்கமா இருக்கும்" என்பாள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்று நான் நினைப்பது அதைத்தான்.

மத்சுவேயில் எங்கள் கடை இருக்கும் கால்வாய்த் தெரு உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டையும் பாலும் கோதுமையும் உடம்புக்கு ஆகாத குழந்தைகளுக்குப் பிறந்தநாள் கேக் செய்து கொடுத்தோம். முன்கூட்டியே சொல்லி வைப்பவர்களுக்கு மட்டும். மற்றப் பிள்ளைகளின் விழாக்களில் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்த குழந்தைகள் அவர்கள். ஹிசானோ உள்ளே சமையலறையில் இருப்பாள். வாசலில் பெட்டியை எடுத்துக் கொடுத்து, குனிந்து வணங்கி வழியனுப்புவது நான். வெளியூர்ப் பெட்டிகள் குளிர்வண்டியில் போகும். அதனால் அவள் செய்ததைச் சாப்பிட்டவர்களின் முகத்தை அவள் பார்ப்பது அபூர்வம். அப்படி வேண்டுமென்று நான் ஏற்பாடு செய்யவில்லை. இடம் சிறியது, அவ்வளவுதான்.

எங்களைப் போல ஆள் வைத்துக்கொள்ள முடியாத கடைக்காரர்கள் எல்லோரும் இப்போது வைத்திருக்கும் ஏஐ உதவியாளர்தான் எங்களிடமும் இருந்தது. டேப்லெட்டில் பேசும். பழைய வியாபாரக் குடும்பங்களில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட பெரிய கணக்குப்பிள்ளையை நாங்கள் பந்தோ சான் என்போம். ஹிசானோ அந்தப் பெயரையே அதற்கு வைத்தாள். ஆர்டர்களை வாங்குவது, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சீட்டு எழுதுவது, கேக்கின் படத்துக்குக் கீழே நான்கு வரி போடுவது, தாய்மார்கள் எந்நேரத்தில் கேட்டாலும் பதற்றமில்லாமல் பதில் சொல்வது எல்லாம் அதன் வேலை. கடை சாத்தியதும் அவள் பாத்திரம் கழுவுவாள். நான் தரை துடைப்பேன். கணக்குப்பிள்ளை அன்றைக்கு வாடிக்கையாளர்கள் எழுதியவற்றைத் தொகுத்து வாசிக்கும். எங்கள் நாளில் எனக்கு மிகவும் பிடித்த வேளை அதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொகுத்துச் சொல்வதைத் திருத்த நான் முதன்முதலில் சொன்னது அவளுடைய நன்மைக்காக. தொடக்கத்தில் ஒரு பெண்மணி, க்ரீமில் சோயா வாடை வருகிறது என்று எழுதியிருந்தார். நியாயமான குறைதான், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஹிசானோ அதைக் கேட்டுவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தாள். அப்போது நான் கணக்குப்பிள்ளையிடம், குறைகள் வந்தால் அவள் காதுக்குப் போகுமுன் கொஞ்சம் மென்மையாக்கிவிடு என்றேன். சோயா வாடை என்று வந்தால், 'க்ரீம் இன்னும் நன்றாக வரும் என்று எதிர்பார்க்கிறார்' என்று அது சொல்லும். அவள் தெம்பாக வேலை செய்தாள். கடை வளர்ந்தது. இதைத் தவறு என்று நீங்கள்கூடச் சொல்ல மாட்டீர்கள்.

பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். படம் எடுத்தவர் நல்ல பையன். "மன்னிக்கணும், நீங்க கொஞ்சம் தள்ளி நிக்க முடியுமா, நிழல் விழுது" என்றான். நான் தள்ளி நின்றேன். கட்டுரையில் 'ஹிசானோவின் கைகள்' என்று தலைப்பு வந்தது. கடையின் பெயரை யோசித்தது நான், வாடகைக்கு வீட்டுக்காரரிடம் கெஞ்சியது நான், மாவு ஆலைக்காரரைத் தேடிப் பிடித்தது நான். அதையெல்லாம் யாரும் படம் எடுக்க முடியாது. எனக்கு வருத்தமில்லை. அந்தக் கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டியதும் நான்தான்.

பிறகு கோபேயிலிருந்து குரிமோத்தோ என்பவர் வந்தார். அங்கே ஒரு பெரிய மிட்டாய் நிறுவனம் இத்தகைய குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்குகிறது, ஹிசானோ அதற்குத் தலைமையேற்க வேண்டும் என்றார். அவர் போன பிறகு அவள் கை துடைக்காமலே என்னிடம் ஓடி வந்தாள். கன்னமெல்லாம் மாவு.

"நாடு முழுக்க இருக்கற பிள்ளைங்க சாப்பிடும் குனிகோ சான். நினைச்சுப் பாருங்க. நான் மாசத்துல ஒருவாட்டி இங்க வந்துட்டுப் போவேன். கடையை நீங்க பார்த்துப்பீங்க, வேற ஆள் கிடைக்காமலா போயிடும்."

நான் வாழ்த்துச் சொன்னேன். என் கணவர் பிரிந்து போனபோதும் அப்படித்தான் வாசலில் நின்று வழியனுப்பினேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அன்று மாலை கணக்குப்பிள்ளையிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: இனி எதையும் மென்மையாக்க வேண்டாம். நினைத்துப் பார்த்தால், அதுநாள் வரை செய்ததுதான் பொய். பெரிய பொறுப்புக்குப் போகிறவள் உண்மையைத் தாங்கப் பழக வேண்டும்.

அவள் முகம் சற்று வாடியது. ஆனாலும் பாராட்டுகள் நிறைய வந்துகொண்டிருந்ததால் சமாளித்துக்கொண்டாள். எனவே பாராட்டுகளைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்றேன். திருத்திக்கொள்ள வேண்டியதை மட்டும் அவள் கேட்டால் போதும் என்று காரணமும் சொன்னேன். குறைகளை மட்டும் கேட்பவர் சோர்ந்து போகலாம், பாராட்டுகளையும் சேர்க்கவா என்று கணக்குப்பிள்ளை கேட்டது. வேண்டாம் என்றேன். மறுநாளும் கேட்டது. அதற்குக் கோபம் வராது, சலிப்பும் வராது. கடைசியில் இனி அந்தக் கேள்வியைக் கேட்காதே என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரில் யாரும் கடுமையாக எழுதமாட்டார்கள். பல நாட்கள் குறை என்று ஒன்றுமே வராது. அந்த மாலைகளில் டேப்லெட் பேசாமல் இருக்கும். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாட ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் புதிதாக வேலைக்கு வருபவர்களின் பயிற்சிக்கு மாதிரிக் குறைகள் வேண்டும் என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். புதிதாக யாரும் வேலைக்கு வரவில்லை. ஆனால் அது எழுதியது எவ்வளவு நன்றாக இருந்தது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். பள்ளி ஆசிரியை எழுதினால் ஒரு மாதிரி, டிரைவர் எழுதினால் ஒரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போட்டு, வாடிக்கையாளர்கள் எழுதியவற்றோடு நானே சேர்த்துவிடுவேன்; மாலையில் அது தொகுப்போடு வாசிக்கும். இசுமோவிலிருந்து ஒரு தாத்தா எழுதியதாக ஒன்று: பேத்தி ஒரு வாய் தின்றுவிட்டு 'தாத்தா, இதுவும் எனக்கு ஆகாதா' என்று கேட்டாள், இது ஆகாதது அல்ல, ருசியில்லாதது என்று குழந்தைக்கு எப்படிச் சொல்வேன். அதைக் கேட்டபோது ஹிசானோ குழாயை நிறுத்தினாள். தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றாள்.

சில வாரங்களில் கோபேக்கு அவளே போன் செய்து, தன் கை இப்போது சரியில்லை, இன்னொருவர் முன்னால் நிற்கும் நிலையில் தான் இல்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அவளுக்குப் பிடித்த ஏரிச் சிப்பி சூப் வைத்துக் கொடுத்தேன். அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்றாள். அது நடிப்பில்லை. அவள் மனதாரச் சொன்னாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தினேன். மாதிரிக் குறைகளை எடுத்துவிட்டு, பாராட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். அவள் சதை பிடித்தாள், சிரித்தாள். புத்தாண்டு கழிந்ததும், கோபேக்காரர் இன்னும் நினைவில் வைத்திருப்பாரோ என்று பேச்சுவாக்கில் கேட்டாள். ஆகவே மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. மருந்தை மொத்தமாக நிறுத்தக்கூடாது, அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

அதாச்சி சான் விஷயத்தில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறை எழுதியவர்களை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஹிசானோ ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் யாரும் தொடர்பை விரும்பவில்லை என்று நான் தடுத்து வைத்திருந்தேன். ஒருநாள் மாதிரிக் குறை ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது, நினைவில் முதலில் வந்த அதாச்சி என்ற பெயரை வைத்துவிட்டேன். எங்கள் பழைய வாடிக்கையாளர். ரியோஹெய் என்ற மகனுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எங்களிடம்தான் வாங்குவார். கடை விடுமுறையன்று ஹிசானோ என்னிடம் சொல்லாமல், ஒரு பெட்டி இனிப்பைத் துணியில் கட்டிக்கொண்டு, ஏரிக்கரை ரயிலேறி அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். கடைக் கணக்கிலிருந்து அவரது கைபேசிக்கு, வருகிறேன் என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அதைக் கணக்குப்பிள்ளை எனக்குக் காட்டியபோது அவள் போய்ச் சேர்ந்திருப்பாள்.

அன்று பிற்பகல் முழுவதும் நான் கடையில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டிருந்தேன். கணக்குப்பிள்ளைமேல் பழியைப் போடலாம். இயந்திரம் சில நேரம் இல்லாததைச் சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. உங்களிடமும் முதலில் அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

அவள் மழையில் நனைந்து வந்தாள். கையில் ஒரு பை நிறையப் பேரிப்பழம். காலணியைக் கழற்றித் திருப்பி அடுக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பார்த்தியா?" என்றேன்.

"பார்த்தேன். நான் தலையைக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டதும் அவங்க பதறிப் போயிட்டாங்க. 'என்ன சொல்றீங்க, எங்களுக்கு எந்தக் குறையும் இல்லையே, ரொம்ப நல்லா இருந்துச்சே'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. ரியோஹெய் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கிட்டான்."

நான் தயார் செய்த வாக்கியத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன்.

"எவ்வளவு நல்ல மனுஷி, பாருங்க" என்றாள் அவள். "முகத்துக்கு நேரா சொல்ல அவங்களுக்கு மனசு வரலை. குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்து வெச்சிருக்காங்க. அந்தப் பழத்தைக் கையில கொடுக்கும்போது எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம்போல இருந்துச்சு."

நான் வாயை மூடிக்கொண்டேன். பழங்களைக் கழுவித் தோல் சீவினேன். இருவரும் சாப்பிட்டோம். நன்றாகப் பழுத்திருந்தன.

அன்றைக்கு எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், உங்கள் தொழிலுக்கும் பயன்படலாம். நம்மிடையே எதிரில் இருப்பவர் முகத்தை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. முகம் நல்லதைத்தான் சொல்லும் என்று குழந்தைப் பருவத்திலிருந்தே தெரியும். முகமில்லாத ஒன்று சொன்னால்தான் நம்புகிறோம். அதற்குப் பிறகு தெருவில் எந்தத் தாய் நிறுத்தி நன்றி சொன்னாலும் ஹிசானோவுக்கு அது ஊசி குத்துவதுபோல ஆகிவிட்டது. என் வேலை பாதியாகக் குறைந்தது.

இளவேனிலில் குரிமோத்தோ மறுபடி வந்தார். இந்த முறை போன் செய்யாமல் நேரே வந்தார். ஹிசானோ செய்த எலுமிச்சைக் கேக்கை நின்றுகொண்டே தின்றார். பிறகு சமையலறை வாசலில் நின்று, "உங்க கை கெட்டுப்போச்சுன்னு சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்கு அவங்க நாக்கு மேலதான் சந்தேகம்" என்றார். அவர் மரியாதை பார்த்துப் பேசுகிறவர் அல்ல. ஒசாகாவில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சை அவள் நம்பினாள். குழைந்து பேசாத ஒரே மனிதர் அவர்தான் என்பதால் நம்பினாள். கோடைக்குள் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

கேக் தின்று ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக எழுதித் தரும்படி கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். அது எழுத மறுத்தது. உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் உடனே சுகாதார அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்தது. நடக்கவில்லை, பயிற்சிக்குத்தான் என்றேன். அப்படியானாலும் இதை உண்மைபோல யாருக்கும் வாசித்துக் காட்ட மாட்டேன் என்றது. எனவே அதை நானே எழுதினேன். இத்தனை மாதத்தில் அந்த நடை எனக்குக் கைவந்திருந்தது. பெற்றோர் வழக்குப் போட விரும்பவில்லை, நஷ்ட ஈடும் வேண்டாம், அந்தக் கை இனி எந்தக் குழந்தையின் உணவையும் தொடாமல் இருந்தால் போதும் என்று முடித்தேன். என் குரலில் நானே வாசித்தேன். இப்படிப்பட்ட செய்தியை இயந்திரம் சொல்லக் கேட்கக் கூடாது என்று நான் நினைத்ததாக அவள் எடுத்துக்கொண்டாள்.

"குழந்தை பேரு என்ன?" என்று கேட்டாள்.

நான் அதை யோசித்திருக்கவில்லை. இத்சுகி என்றேன். கேட்கும்போது அந்தப் பெயர்தான் வந்தது.

அதன் பிறகு அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சமையலறையின் ஒவ்வொரு தட்டையும் கழற்றித் தேய்த்தாள். எந்தக் கரண்டியில் பால் பட்டிருக்கும், எந்த மாவில் கோதுமை கலந்திருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தாள். கழுவிக் கழுவி விரல் இடுக்குகள் வெடித்தன. நான் களிம்பு பூசி விட்டேன். நகர மருத்துவமனைக்குப் போய், இத்சுகி என்று ஒரு சிறுவன் இருக்கிறானா, கண்ணாடி வழியாக ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். நோயாளிகளைப் பற்றி வெளியாருக்குச் சொல்ல முடியாது என்று அவர்கள் வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். "என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வீட்டுக்காரங்க சொல்லியிருப்பாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது" என்றாள்.

தன் அண்ணனிடம் மட்டும் போனில் சிலவற்றைச் சொல்லியிருக்கிறாள் போலும். ஹமாதாவில் படகு வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். அதாச்சி சான் குறை எழுதியதையும், பிறகு பெருந்தன்மையாக மறைத்ததையும் அவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அதனால்தான் விஷயம் உங்களிடம் வந்தது. அவளுடைய இறுதிச் சடங்குக்கு அதாச்சி சான் மகனோடு வந்திருந்தார். வாழ்க்கையில் அவன் தின்ற கேக் எல்லாம் ஹிசானோ செய்ததுதான் என்று சொல்லி அழுதார். அண்ணன் அவரிடம் தாழ்ந்த குரலில், அப்புறம் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். நான் ஊதுவத்தி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பேச்சு நின்றுபோனது. திரும்பிப் பார்த்தபோது அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை என்று நினைக்கிறேன். ஏரிக்கு அவள் தானாகத்தான் நடந்து போனாள். நான் வீட்டில் இருந்தேன். சிப்பி எடுக்கப் போன படகுக்காரர்கள்தான் அவளைப் பார்த்தார்கள். அதுவரை உங்கள் குறிப்புகளிலும் இருக்கிறது. கடைசியாக என்ன பேசினோம் என்று நீங்கள் மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். ஒன்றும் பேசவில்லை என்றேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

அவள் கோபேயைக் கைவிட்டுவிட்டாள் என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் அன்று மாலை சாப்பிட்டு முடித்ததும், குரிமோத்தோ பேசினார் என்றாள். நடந்ததை அவரிடம் சொன்னாளாம். வாங்க, பக்கத்தில் இருந்து நான் பார்த்துக்கொள்கிறேன், கூட இரண்டு பேர் சரிபார்ப்பார்கள், இந்த வேலையில் பயந்தவர்கள்தான் வேண்டும் என்றாராம்.

"இத்சுகி நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டான்னு தெரிஞ்சா நான் போகலாம்னு நினைக்கிறேன்" என்றாள். "அது மட்டும் தெரிஞ்சா போதும். உங்களுக்கு ஏதாவது தகவல் வந்துச்சா?"

தகவல் வரும் இடத்தில் இருப்பது நான்தான். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் அவள் கோபேக்குப் போய்விடுவாள்.

குழந்தை போன வாரமே இறந்துபோனது என்றேன். நீ தாங்கமாட்டாய் என்றுதான் இதுவரை சொல்லவில்லை என்றேன்.

அவள் அழுவாள், நான் தேற்றுவேன், அந்தப் பேச்சு அதோடு முடியும் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. பிறகு எழுந்து வந்து என் எதிரில் முழந்தாளிட்டு, நெற்றி பாயில் படும்படி வணங்கினாள்.

"இத்தனை நாளா இதை உங்க மனசுக்குள்ளயே வெச்சிருந்தீங்களே, குனிகோ சான்" என்றாள். "எனக்காக. உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்."

அவள் சொன்னது சரிதான். எனக்கு உண்மையிலேயே கஷ்டமாகத்தான் இருந்தது.